ஏழு கிலோ இலக்கியம்

அவைத்தலைவர் அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் எனக்காக அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் தமிழாசிரியர் அவர்களே, பின்வரிசையில் கைப்பேசிக்குள் வீற்றிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பொன்னாடைதான் வருகிறது.

‘இலக்கிய ஆய்வில் எண்கள்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். எண்ணினால் என்ன கிடைக்கும், எங்கே எண் கைவிடும், பள்ளியில் இதை எப்படிச் சொல்லித்தருவது.

எண்ணுவதை இளக்காரமாகப் பேசாதீர்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்துப் புனைபெயரில் வந்த கட்டுரைகளில் பன்னிரண்டு யார் எழுதியவை என்று நெடுங்காலம் சண்டை. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் கருத்தை விட்டுவிட்டு, யாரும் கவனிக்காத சின்னச் சின்னச் சொற்களை எண்ணினார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான மேடிசன் எழுதியவை என்று 1964இல் முடிவு சொன்னார்கள். ஊன்றிப் படித்தவர்கள் தீர்க்காத வழக்கு அது.

சரி, எங்கே கைவிடும்? ‘தேவர் அனையர் கயவர்’ என்கிறார் வள்ளுவர். பாராட்டுச் சொல்லையும் வசைச் சொல்லையும் எண்ணும் கணினியிடம் இதைக் கொடுங்கள். ‘தேவர்’ என்பதைப் பார்த்ததும் கயவனுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிவிடும். தேவரைப் போலவே கயவரும் நினைத்தபடி நடப்பார்கள் என்ற வள்ளுவரின் குத்தல் அதற்குக் கேட்காது. ஆனால் எனக்குப் பெரிய கவலை இதுவல்ல. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நம் சட்டியில் என்ன இருக்கிறது?

நம் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு நண்பர் வீடு மாறினார். போய் நிற்கிறேன், தாழ்வாரத்தில் பழைய சாமான் வாங்கும் காராங் குனி அங்கிள். அவர் முன்னால் சணல் கயிறு கட்டிய இதழ்க் கட்டுகள். நண்பரின் அப்பா சேர்த்துவைத்தவை. பொங்கல் மலர், தீபாவளி மலர், நின்றுபோன சிற்றிதழ்கள், நடுவில் அப்பா புனைபெயரில் எழுதிய கதைகள். அங்கிள் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, “ஏழு கிலோ” என்றார். இலக்கியத்தை அளந்து நான் நேரில் கண்ட முதல் ஆய்வு அதுதான்! நண்பர் சில்லறைக்குக் கை நீட்டுகிறார். நான் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அங்கிள் என்னையும் சேர்த்து நிறுக்கலாமா என்பதுபோல் பார்த்தார். அப்புறம் விலை பேசினோம். பழைய தாளுக்குப் பேரம் பேசிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். அதற்குள் நண்பரின் அம்மா உள்ளேயிருந்து வந்து, “அது உங்கப்பா கையெழுத்துடா” என்று ஒரு மலரை எடுத்து முந்தானையால் துடைத்தார். பேரம் அங்கேயே முடிந்தது. கட்டு என் வீட்டுக்கு வந்தது. என் மனைவி என்ன சொன்னார் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

2015இல், நாட்டின் பொன்விழா ஆண்டில், நம் படைப்பிலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்வடிவமாகித் தேசிய நூலகத்துக்குப் போயின. அருமையான பணி. உழைத்த தொண்டர்களுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள். ஆனால் அவை 1965க்குப் பிந்தைய நூல்கள். நம்மவர் எழுதிப் பழகியதோ நாளிதழிலும் மலர்களிலும். தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. அதன் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் எழுதிக் கை பழகிய எத்தனையோ பேர் புத்தகமே போட்டதில்லை. நாளைக்கு ஓர் ஆய்வாளர் அந்த நூல்களை மட்டும் எண்ணி, பெண்கள் இத்தனை விழுக்காடு, தொழிலாளர் கதை இத்தனை என்று வரைபடம் போட்டால், புத்தகம் போட வசதி இருந்தவர்களின் கணக்குத்தான் அதில் இருக்கும். புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை ஐயா. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

செயலாளர் மணியடித்துவிட்டார். பள்ளி பற்றிய மூன்றாவது செய்தியை உணவு நேரத்தில் கேளுங்கள். இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். வாசலருகே மேசையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. வீட்டில் பழைய மலர், கையெழுத்துப் பிரதி, நாடக அழைப்பிதழ் எது இருந்தாலும் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். நாங்களே வந்து பார்த்து, நூலகத்தில் பேசுகிறோம். கொடுக்க மனமில்லையா, அட்டையையும் பொருளடக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்தாவது அனுப்புங்கள். யாருடைய புனைபெயர் எது என்று தெரிந்த பெரியவர்கள் அதையும் எழுதுங்கள். பேனா மேசையிலேயே இருக்கிறது. எடுத்துப் போய்விடாதீர்கள்.