குங்குமம் பூசிய நுண்ணோக்கி

நடுவர் அவர்களே, தருமபுரிப் பெருமக்களே, வணக்கம். மணி அடிக்கக் காத்திருக்கும் தம்பிக்குத் தனி வணக்கம்.

பள்ளி அறிவியலை உயர்த்துவது தொட்டால் படம் காட்டும் திறன் பலகையா, செய்முறையா என்பது தலைப்பு. நான் செய்முறைக் கட்சி. எதிரணி அம்மையார் போகிற போக்கில் கேட்டார்: "ஆய்வகத்தில் பிள்ளைகள் உடைக்கிற கண்ணாடிக்கு யார் கணக்கு எழுதுவது?" நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா, நான் படித்த பள்ளியில் எதுவும் உடைந்ததே இல்லை. உடைய வேண்டுமென்றால் முதலில் அலமாரியைத் திறக்க வேண்டுமே! சாவி தலைமையாசிரியர் இடுப்பில் இருக்கும். ஆயுத பூஜைக்குத் திறப்பார்கள். நுண்ணோக்கியைத் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

ஒரு வருடம் ஆய்வு அதிகாரி வருகிறார் என்று அவசரமாக வெளியே எடுத்தார்கள். வெங்காயத் தோலை உரித்து வைத்தார்கள். முதலில் பார்த்தவன், "ஐயா, சிவப்பு" என்றான். அடுத்தவனும் சிவப்பு. அதற்கடுத்தவன் பார்க்காமலே சிவப்பு என்றான். ஆசிரியருக்குப் பூரிப்பு: "சஃப்ரனின் சாயம் அருமையாக ஏறியிருக்கிறது!" சாயமே போடவில்லை, நடுவர் அவர்களே! லென்சில் குங்குமம்! அதிகாரியும் குனிந்து பார்த்தார், "மிகத் தெளிவு" என்றார். நிமிர்ந்தபோது இமையில் பொட்டு. வகுப்பே வெங்காயச் செல்லைச் சிவப்பாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கியது. எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, உடைந்த கண்ணாடி: பூஜ்யம்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய நடமாடும் ஆய்வகத் திட்டமான வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கருவிகளைக் கொண்டுபோகிறது. நல்லது. மணி அடிக்காதே தம்பி, இனிமேல்தான் விஷயம்.

நம் மண்ணின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு; மிஞ்சினால் பல்லில் கறை ஏற்றுகிற உப்பு அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். ஆனாலும் பல்லில் பழுப்புக் கறையோடு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் தன் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைத் தானே சோதிக்கட்டும். இரண்டு சொட்டு மருந்து விட்டு, இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறுவதைப் பார்க்கட்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்று அவளே படித்துச் சொல்லட்டும். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பாள் தாய். "காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாதம்மா, தண்ணீர்தான் சுண்டும்" என்று மகள் சொல்வாள். தன் தம்பிக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்பாள்.

அவன் பல்லாவது வெள்ளையாக இருக்க வேண்டாமா, அம்மா? அதற்கு எந்தப் பலகையைத் தட்டப் போகிறீர்கள்? பதிலை நடுவரிடம் சொல்லுங்கள். நான் அமர்கிறேன்.