வெல்டிங் செட்டுல தொடங்கின ராக்கெட்

தலைவர் ஐயா அவர்களே, அரங்கத்தை நமக்கு திறந்துவிட்ட தாளாளர் அம்மா அவர்களே, எனக்காக தன் பேச்சை சுருக்கிக்கிட்ட பேராசிரியர் ஐயா அவர்களே (ஐயா, உங்களுக்கு தனியா ஒரு கும்பிடு), முன்னாடி உக்காந்திருக்கற தம்பி தங்கச்சிங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்க ராக்கெட் இன்ஜினியர் டாம் மியூலரோட படிப்பு, வேலை, சொந்த கம்பெனி, இந்த மூணையும் பேசறேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன். சித்திரமும் கைப்பழக்கம்னு சொல்லுவாங்களே, ராக்கெட் உலகத்துல அதுக்கு இவர்தான் சாட்சி.

அமெரிக்காவுல ஐடஹோ மாநிலம், செயின்ட் மேரிஸ்னு ஒரு சின்ன ஊரு, அப்பாவுக்கு மரம் ஏத்தற லாரி ஓட்டற தொழில். அப்பாகிட்ட ஒரு கேஸ் வெல்டிங் செட் இருந்துச்சு, ஆக்ஸிஜனும் அசிட்டிலீனும் கலந்து எரியுமே, அதேதான். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி வருது, மத்த புள்ளைங்கன்னா அட்டையில ஒரு படம் வரைஞ்சு ஒட்டிட்டு போயிருக்கும், இந்தப் பையன் அந்த வெல்டிங் செட்டை வச்சே ஒரு ராக்கெட் இன்ஜின் செஞ்சுட்டான்! அதோட விட்டானா? எரியற இன்ஜினுக்குள்ள தண்ணிய விட்டா என்ன ஆகும்னு சோதிச்சும் பாத்தான் ஐயா! அந்த வயசுல! கணக்கு வாத்தியார் கேட்டாராம், நீ விமானத்தை ரிப்பேர் பண்ணப்போறியா, டிசைன் பண்ணப்போறியான்னு. அந்தக் கேள்விதான் அவரை இன்ஜினியரிங் பக்கம் திருப்புச்சு, லீவுல மரம் வெட்டப்போய் படிப்புக்கு காசு சேத்தாரு.

அப்புறம் ராக்கெட் இன்ஜின் செய்யற டிஆர்டபிள்யூங்கற கம்பெனியில சுமார் 15 வருஷம். அங்க 6,50,000 பவுண்டு உந்துவிசை தர்ற இன்ஜின்ல வேலை பாத்தவரு, தன் யோசனைக்கு அங்க இடம் பத்தலைன்னு வீட்டு கராஜ்லயே தனியா ஒண்ணு செய்ய ஆரம்பிச்சாரு, எடை 36 கிலோ, உந்துவிசை 13,000 பவுண்டு. பாத்தீங்களா, கைப்பழக்கம் சும்மா இருக்க விடாது! 2002-ல எலான் மஸ்க் வந்து பாத்துட்டு இதைவிட பெருசா செய்ய முடியுமான்னு கேட்டாரு. அப்படித்தான் மஸ்க்கோட ராக்கெட் கம்பெனி ஸ்பேஸ்எக்ஸ்ல மெர்லின் இன்ஜின் பொறந்துச்சு. அந்த இன்ஜினை வச்ச ஃபால்கன் 1 ராக்கெட் மூணு தடவை தோத்துச்சு, 2008 செப்டம்பர் 28-ஆம் தேதி நாலாவது தடவை சுற்றுப்பாதைக்கு போயிடுச்சு.

கம்பெனி விஷயம், 2021-ல இம்பல்ஸ் ஸ்பேஸ் ஆரம்பிச்சாரு, செயற்கைக்கோளை விண்வெளியிலயே இடம் மாத்தி விடற வண்டி செய்யறாங்க, 2023 நவம்பர்ல மிரான்னு முதல் வண்டி போச்சு. முதலீடு பத்தியும் சொல்லணும், நேரம் இல்ல, இதைவிட முக்கியமா ஒண்ணு கேக்கணும்.

நம்ம பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கையில ஒரு ஸ்பேனர் எப்ப குடுத்தோம்? ஒர்க்‌ஷாப் இருக்கற இடத்துலயும் பூட்டு தொங்குது, பொருள் கெட்டுடும்னு பயம். சித்திரமும் கைப்பழக்கம்னு சுவத்துல எழுதி வச்சுட்டு கையைக் கட்டி உக்கார வைக்கறது நியாயமா? ஒன்பதாவதுலேந்து வாரத்துக்கு ரெண்டு பீரியட் ஒர்க்‌ஷாப், கூட நின்னு சொல்லித்தர கைத்தொழில் தெரிஞ்ச ஒருத்தர், பாதுகாப்புக்கு கண்ணாடி கையுறை, இதான் நம்ம கோரிக்கை. மனு வாசல் மேசையில இருக்கு. முதல் கையெழுத்து தாளாளர் அம்மா போட்டுட்டாங்க, பெத்தவங்க எல்லாரும் போட்டுட்டு போகணும்னு கேட்டுக்கறேன். நன்றி, வணக்கம்.