கத்தி வரிசைக்கு எந்த எஃகு, எத்தனை வடிவங்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை அனுப்பிய நண்பர், இதுவரை ஆர்டரின் பேரில் ஒவ்வொன்றாகக் கத்தி செய்து கொடுத்துவந்தவர். இப்போது தம் பெயரில் சமையலறைக் கத்தி வரிசை ஒன்றைக் கொண்டுவர நினைக்கிறார். 1095, 52100, டி2, 440சி, எஸ்30வி, ஏஇபி-எல் என்று ஆறு எஃகுகளையும், பன்னிரண்டு வடிவங்களையும் எழுதி வைத்திருக்கிறார். "இவற்றில் எதை எடுக்க, எதை விட? கைப்பிடிக்கு மரம் நல்லதா? எஃகின் பெயரைக் கத்தியில் பொறிக்கலாமா?" என்று கேட்கிறார்.

நேராகவே சொல்கிறேன். தொடக்கத்தில் ஓர் எஃகு போதும், மூன்று வடிவங்கள் போதும்.

ஒரே ஒரு கத்தியைச் செய்யும்போது, அது லேசாக வளைந்தாலும் உட்கார்ந்து நிமிர்த்திவிடுவீர்கள். நூறு செய்யும்போது அந்த நேரம் கிடைக்காது. நூறாவது கத்தியை வாங்குகிறவருக்கு உங்களுடைய மற்ற தொண்ணூற்றொன்பதைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் கையில் இருப்பதை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார். ஆகவே எந்த எஃகை ஒவ்வொரு முறையும் ஒரே பதத்தில் கொண்டுவர முடியும் என்று பாருங்கள். பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

1095-இல் கார்பன் 0.95 சதவீதம், குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். சூட்டிலிருந்து எடுத்ததும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் அது வேகமாகக் குளிர்ந்தாக வேண்டும். குளிர்விக்கும் எண்ணெயின் வகையோ சூடோ கொஞ்சம் மாறினால்கூடக் கடினம் மாறிவிடும். 52100 அதைவிட இணக்கமானது, மிக நுண்ணிய கூர் பிடிக்கும். எனக்குப் பிடித்த எஃகும்கூட. ஆனால் இரண்டும் துருப்பிடிக்கும். கத்தியை ஈரத்தோடு தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தாம். எனவே கார்பன் எஃகைப் பின்னாளில், அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கென்று தனியாகக் கொண்டுவாருங்கள்.

டி2-இல் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தாலும், அதில் பெரும்பகுதி கார்பைடுகளுக்குள், அதாவது கார்பனோடு சேர்ந்து உருவாகும் கடினமான துகள்களுக்குள், சிக்கிக்கொள்கிறது. அதனால் அது முழுமையான துருப்பிடிக்காத எஃகு ஆகாது. டி2, 440சி இரண்டிலும் கார்பைடுகள் பருமனானவை. மெல்லிய கூர் வைத்தால் விளிம்பு நுணுக்கமாகச் சிதறும். எஸ்30வி நல்ல எஃகுதான். ஆனால் அதில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. வனேடியம் கார்பைடு, சாணை பெல்ட்டில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடைவிடக் கடினமானது. உங்கள் பெல்ட் தேயும், நேரம் போகும். வாங்கியவர் வீட்டிலிருக்கும் சாதாரணக் கல்லில் தீட்டவும் திணறுவார்.

மிச்சம் ஏஇபி-எல். அதையே எடுங்கள். சவர அலகுகளுக்காக உருவான எஃகு அது. கார்பன் 0.67, குரோமியம் 13 சதவீதம். கார்பைடுகள் மிக நுண்ணியவை என்பதால் மெல்லிய கூரைத் தாங்கும், எளிதில் பல் விழாது. அது கிடைக்காத நேரத்துக்கு 14சி28என் இருக்கிறது. குணத்தில் கிட்டத்தட்ட அதன் உடன்பிறப்பு. இரண்டையும் முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொண்டால் சரக்கு வராத மாதத்தில் தொழில் நிற்காது.

இந்த எஃகை உலைக்களத்தில் கண்ணளவாகப் பதப்படுத்த முடியாது. சுமார் 1,065 முதல் 1,080 டிகிரி செல்சியஸ் சூட்டைப் பிசகாமல் பிடிக்கும் மின்உலை வேண்டும். பிறகு அலுமினியத் தகடுகளுக்கு இடையே அழுத்திக் குளிர்விப்பார்கள். மெல்லிய அலகு வளையாமல் வர அது உதவும். அதன்பின் உறைகுளிர், அதாவது உறைநிலைக்கு மிகக் கீழே குளிர்விப்பது. அதற்குப் பின் 175 டிகிரி அளவில் டெம்பரிங், அதாவது அலகு நொறுங்காமலிருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது. சரியாகச் செய்தால், எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60 முதல் 62 வரை கிடைக்கும். வெளியே கொடுத்துச் செய்வதானால் "நல்ல கடினம் வேண்டும்" என்று சொல்லாதீர்கள். எண்ணை எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சில கத்திகளை, கைப்பிடி மூடிவிடும் இடத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, பலரும் எஃகின் பெயரிலேயே மூழ்கி மறந்துவிடும் விஷயம். கத்தி எப்படி வெட்டுகிறது என்பதை முதலில் முடிவு செய்வது கூருக்குச் சற்று மேலே இருக்கும் தடிமன்தான். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் வெங்காயத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். 0.6 இருந்தால் எந்த உயர்ந்த எஃகானாலும் கேரட்டைப் பிளக்கத்தான் செய்யும். ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி கோணம் வையுங்கள். கடினப்படுத்திய பிறகு சாணை பிடிக்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகில் சூட்டின் நிறம் தாமதமாகவே தெரியும். நிறம் மாறவில்லை என்று நம்பியிருப்பீர்கள், அதற்குள் விளிம்பு பதம் இழந்திருக்கும்.

வடிவங்கள்: 210 மில்லிமீட்டர் சமையல் கத்தி, 150-இல் ஒன்று, 90-இல் சிறு கத்தி. மூன்றையும் 2 மில்லிமீட்டர் தகட்டிலேயே வெட்டலாம். ஆணித் துளைகளின் இடைவெளியை முதல் இரண்டுக்கும் ஒன்றாக வைத்தால் கைப்பிடி வேலை பாதியாகும். ரொட்டிக் கத்தியின் பற்களுக்குத் தனிக் கருவி வேண்டும். எலும்பு வெட்டும் கத்திக்குத் தடித்த தகடும் குறைந்த கடினமும் வேண்டும். அவை இப்போது வேண்டாம்.

கைப்பிடிக்கு ஜி10 அல்லது மைக்கார்ட்டா. இரண்டும் இழைகளைப் பிசினில் ஊறவைத்து இறுக்கிய தகடுகள். சாதாரண மரம் ஈரத்தில் உப்பிச் சுருங்கும். இடுக்கு விழுந்தால் அழுக்கு சேரும். மரம்தான் வேண்டுமென்றால் பிசின் ஏற்றிப் பதப்படுத்திய மரத்தை எடுங்கள். ஜி10 கண்ணாடி இழை கலந்தது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடியும் தண்ணீரும் இல்லாமல் அதில் கைவைக்காதீர்கள், உங்களிடம் வேலை செய்கிறவர்களையும் வைக்க விடாதீர்கள்.

கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை அளக்க ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரச் சோதனை இருக்கிறது. சிலிக்கா கலந்த அட்டையை எந்திரம் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்க்கும். தேய்மானம் அதில் தெரியும். ஆனால் பலகையில் ஓங்கி இடிபடும்போது விளிம்பு என்ன ஆகிறது என்பது தெரியாது. ஆகவே முதல் சில கத்திகளைத் தினமும் சமைக்கும் தொழிலாளர்களிடம் கொடுத்துச் சில வாரங்கள் கழித்து வாங்கிப் பாருங்கள்.

கடைசிக் கேள்வி, எஃகின் பெயரைப் பொறிப்பது. கத்தியில் வேண்டாம் என்பேன். நாளைக்கு 14சி28என்-க்கு மாற நேர்ந்தால் பொறித்து வைத்த அலகுகள் எல்லாம் குழப்பம் தரும். எஃகின் பெயர், கடினம், தீட்டும் கோணம் மூன்றையும் கூடவே போகும் அட்டையில் அச்சிடுங்கள். கத்தியில் உங்கள் பெயரும் தொகுதி எண்ணும் இருந்தால் போதும். யாராவது கூர் சிதறிவிட்டது என்று எழுதினால், எந்த நாள் உலையில் இருந்தது அந்தக் கத்தி என்று அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.