ஒரு கைத்தட்டலில் எத்தனை புள்ளிகள்?

வணக்கம். ஆசிரியர்கள் நிறைந்த அவையில் பேசுவதென்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் உதறல்தான். பேச்சு இழுத்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுங்கள்.

கட்டற்ற இசை மென்பொருள் என்றதும் ‘இலவசமா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இலவசம்தான். ஆனால் எனக்கு அதைவிட இன்னொன்று பெரிதாகப் படுகிறது. அதை யாரும் படியெடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். வகுப்பில் பாதியில் விட்ட மெட்டை ஒரு பிள்ளை வீட்டிலும் அதே மென்பொருளில் முடிக்கலாம். உரிமம் முடிந்துவிட்டது என்று யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

ஒரு நாள் வகுப்பில் ஆடாசிட்டியைத் திறந்தேன். ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்ட உதவும் மென்பொருள் அது, 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஒரு பையனை ஒரே ஒரு முறை கைதட்டச் சொல்லிப் பதிவு செய்தேன். திரையில் முள் மாதிரி ஒரு கோடு எழும்பியது. பெரிதாக்கிக்கொண்டே போனோம். முள் மலையானது, மலை அலையானது, கடைசியில் அலையும் போய் வெறும் புள்ளிகள். நொடிக்கு 44,100 புள்ளிகள். “சார், சத்தம் இவ்வளவுதானா?” என்றான் கைதட்டியவன். கொஞ்சம் ஏமாற்றம் அவனுக்கு.

அப்புறம் அதைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டோம். எங்கிருந்தோ மெல்லக் கிளம்பி வந்த இரைச்சல் ‘டப்’ என்று நின்றது. நான் விளக்க வாயெடுப்பதற்குள், “எதிரொலி முதலில் வருது சார்” என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. பாடவேளை அதிலேயே முடிந்தது. தயாரித்துக்கொண்டு போன பாடம் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

சாம் ஆரன் உருவாக்கிய சோனிக் பை வேறு ரகம். அதில் வாசிப்பதில்லை, இசையைக் கணினி நிரலாக எழுதுகிறோம். ‘பிளே 60’ என்று கட்டளை கொடுத்தால் பியானோவின் நடு ‘சி’ ஒலிக்கும். 72 என்றால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில். 60.5 என்று போட்டால்? இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சுருதி கேட்கும். அதைக் கண்டுபிடித்த பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியாது. இன்னொன்று: ஓயாமல் சுற்றும் ‘லைவ் லூப்’பில் இடைவெளி வைக்க மறந்தால் சோனிக் பை பிழை காட்டி நிறுத்திவிடும். நான் சொல்லிக் கேட்காத பிள்ளைகள் அது சொன்னால் கேட்கிறார்கள்.

ஸ்வரங்களைத் தாளில் எழுதுவதுபோல் எழுத மியூஸ்ஸ்கோர், தாளத்தை அடுக்க ஹைட்ரஜன். போதும், எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் திணிக்காதீர்கள்.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். முப்பது கணினிகள் சேர்ந்து வாசித்தால் சந்தைதான், ஹெட்போன் கட்டாயம். கம்பி உள்ளதாக வாங்குங்கள். புளூடூத்தில் ஒலி தாமதித்து வரும். அதைக் கேட்டுக்கொண்டே பாடுகிறவர் தாளம் தப்புவார். அப்புறம், பிள்ளைகள் அந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும் திட்டக் கோப்பை மட்டும் எடுத்துப்போய் ‘போனில் பாடவில்லை’ என்று மறுநாள் வந்து நிற்பார்கள். எம்பி3 ஆகவும் ஏற்றுமதி செய்யச் சொல்லிக்கொடுங்கள். இதை நான் இரண்டு வருடம் கழித்துத்தான் கற்றேன்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று மேடையேறும் முன் ஒருவர் கேட்டார். நான் எம்பி3யைக் கேட்டதோடு விடுவதில்லை, திட்டக் கோப்பையும் திறந்து பார்ப்பேன். எதை வெட்டினார்கள், எதை நகர்த்தினார்கள், எந்தத் தடத்தை ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும்.

சரி, மடிக்கணினி இருக்கிறது, மைக்கும் இருக்கிறது. யாராவது கைதட்டுங்கள், பதிவு செய்வோம். ஒரே ஒருவர் மட்டும்!