தெரியாததுபோல் இருந்தவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

‘திருமணமும் மர்மக் கதையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே, எதற்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு மணமாகி நெடுங்காலம் ஆகிறது. அதனால் அதை வெறும் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த வகைக் கதையின் எலும்புக்கூடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருத்திக்குத் திருமணம் ஆகிறது. கணவன் அன்பானவன். ஒரு நாள் அலமாரியின் அடித்தட்டில் வேறு பெயரில் ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட ‘நீலத்தாடி’ கதையிலேயே இதெல்லாம் வந்துவிட்டது. வீட்டுச் சாவிக்கொத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சிறிய அறையை மட்டும் திறக்காதே என்று சொல்லி வெளியூர் போகிறான் கணவன். திறந்தால் உள்ளே முந்தைய மனைவியரின் பிணங்கள். பின்னால் வந்தவர்கள் அறையை மாற்றினார்கள், பூட்டை மாற்றினார்கள். இன்று சாவிக்குப் பதிலாகச் செல்பேசியின் கடவுச்சொல்.

அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்பதில் எனக்கு ஆர்வம் குறைந்துகொண்டே வருகிறது. கொலை இருக்கும், இன்னொரு குடும்பம் இருக்கும், சிறைவாசம் இருக்கும். வேறென்ன இருந்துவிடப் போகிறது? கதவுக்கு இந்தப் பக்கம் இத்தனை நாள் குடித்தனம் நடத்தியவளின் மனத்தைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஒன்றுமே தெரியாதா? அரைகுறையாகத் தெரியுமா? முழுவதும் தெரிந்துவிடப் போகிறதே என்று அந்தப் பக்கம் போகாமலே இருந்தாளா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த கதையை உளவியல் மர்மக் கதை என்று ஒப்புக்கொள்வேன். மற்றவை பூட்டு உடைக்கும் கதைகள். அவற்றைப் படித்துவிட்டுத் தூங்கிவிடலாம்.

நம்மிடம் இதற்கு மிகப் பழைய கதை ஒன்று உண்டு. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றியது என்பார்கள். காப்பியம் அழிந்துவிட்டது, 19 பாடல்கள்தான் மிச்சம். கதை நமக்குக் கிடைப்பது நீலகேசி உரையின் தயவால். வணிகர் குலத்துப் பெண் பத்திரை. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் காளன் என்ற கள்வனைப் பார்க்கிறாள், பார்த்த மாத்திரத்தில் மனத்தைப் பறிகொடுக்கிறாள். தந்தை அவனை மீட்டு, மகளுக்கே மணம் முடித்துவைக்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கதையில் மறைக்கப்பட்ட கடந்த காலமே இல்லை. மாப்பிள்ளை ஊரறிந்த திருடன். பெண்ணுக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும், கொலைக்களத்துக்கு அழைத்துப்போன காவலர்களுக்கும் தெரியும். பிறகு திகில் எங்கிருந்து வருகிறது?

ஓர் ஊடல் பொழுதிலிருந்து வருகிறது. விளையாட்டாகவோ கோபமாகவோ, நீ கள்வன் அல்லவா என்று சொல்லிவிடுகிறாள். நாம் வீட்டில் சொல்லாத சொல்லா? ஆனால் அவன் அதை விழுங்கிக்கொண்டு வைத்திருக்கிறான். பிறகு ஒரு நாள் மலைக்குப் போய்வரலாம் என்று அழைத்துப் போகிறான். உச்சிக்கு வந்ததும், உன்னைக் கொல்லத்தான் அழைத்துவந்தேன் என்கிறான். சாவதற்கு முன் கணவனை மும்முறை வலம்வந்து வணங்க விரும்புகிறேன் என்கிறாள் அவள். சம்மதிக்கிறான். வலம் வருகிறவள் அவன் பின்புறம் வந்ததும் தள்ளிவிடுகிறாள். தற்கொல்லியை முற்கொல் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

பாலி மொழியில், பௌத்தப் பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையின் உரையிலும் இந்தக் கதை வருகிறது. அங்கே கணவன் அவளை மலைக்கு அழைத்துப்போவது அவள் நகைகளுக்காக. திருடன் திருடுகிறான், அதில் வியக்க ஒன்றுமில்லை. தமிழில் வரும் காரணம் எனக்கு நூறு மடங்கு அச்சம் தருகிறது. இவனுக்குப் பொருள் தேவையில்லை. மாமனார் வீட்டில் எல்லாம் இருக்கிறது. உயிர்ப்பிச்சை வாங்கியவன் என்ற நினைப்பு அவனுக்கு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறது. அவளோ, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகத் தன்னைத்தானே நம்பவைத்திருக்கிறாள். அப்படி மன்னித்திருந்தால் அந்தச் சொல் ஏன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது? அவனும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. இருவரும் மறந்ததுபோல் வாழ்ந்தார்கள். அந்த நாடகம் கலைந்த கணத்தில்தான் காளன் கொலைகாரனாகிறான் என்பது என் வாசிப்பு. இன்னொன்றையும் பாருங்கள். கணவனை வலம்வந்து வணங்குவது பதிவிரதைக்கு உரிய சடங்கு. அதைக் கேட்டதும் அவன் சந்தேகப்படவில்லை. தன்னை வணங்காமல் இருக்க அவளால் முடியாது என்ற நம்பிக்கைதான் அவனைக் கொன்றது. ஆக, மலை உச்சியில் ஏமாந்தவர்கள் இரண்டு பேர்.

அங்கிருந்து ஒரே தாவலாக லண்டனுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகம் 1938-இல் மேடையேறியது. எரிவாயு விளக்கு எரியும் பழைய வீடு. சுவரில் இருந்த படம் காணாமல் போகும். நீதான் எங்கோ ஒளித்துவைத்தாய் என்பான் கணவன். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மனைவியே நம்பத் தொடங்குவாள். மாலையில் அவன் வெளியே போவான். சற்று நேரத்தில் அறையின் விளக்கு தானாகவே மங்கும். பூட்டிக்கிடக்கும் மேல்தளத்தில் காலடி கேட்கும். அவன் திரும்பி வருவதற்குச் சற்று முன் விளக்கு மறுபடி பிரகாசமாகும்.

காரணம் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஒரே குழாயிலிருந்து பல விளக்குகளுக்கு வாயு போகும் வீட்டில், இன்னொரு விளக்கை ஏற்றினால் இந்த விளக்குக்கு வரும் அழுத்தம் குறையும், சுடர் தாழும். வெளியே போன கணவன் யாருக்கும் தெரியாமல் மேல்தளத்துக்கு வந்து விளக்கேற்றி, முன்பொரு காலத்தில் அதே வீட்டில் தான் கொன்ற மூதாட்டியின் மாணிக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். அவனுடைய கடந்த காலம் குழாய் வழியாக மனைவியின் அறைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு நேர்த்தியான கற்பனை!

ஆனால் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறு. காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் வந்து விசாரிக்கும்போது, விளக்கு எப்போது மங்குகிறது, எப்போது கூடுகிறது என்று அவள் துல்லியமாகச் சொல்லிவிடுகிறாள். அவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில் பாதி ஏற்கெனவே அவளிடம் இருந்தது. கணக்கை முழுவதும் போட்டுவைத்திருந்தாள். விடையை மட்டும் வாசிக்கவில்லை. வாசித்தால், மேலே நடப்பவன் கணவன் என்று வரும். அதைவிடத் தனக்குப் பைத்தியம் என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இது கதாசிரியரின் மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் தொகுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். சராசரி மனிதர் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்துச் சொல்வது 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 வந்துவிடும். கூட வாழ்பவருக்காவது நன்றாகத் தெரியுமே என்றால், அதுவும் இல்லை. மெக்கார்னாக், பார்க்ஸ் என்ற இருவர் 1986-இலேயே சொன்னது இது: உறவு நெருங்க நெருங்க, அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை கூடுகிறது, அந்த நம்பிக்கையே சொல்வதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள வைக்கிறது. 1990-களில் ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் இன்னும் ஓர் அடி மேலே போனார். யாரைச் சார்ந்து வாழ்கிறோமோ அவர் செய்யும் துரோகத்தை அறிந்துகொள்வது ஆபத்து. அறிந்தால் உறவை அறுக்க வேண்டும், அறுத்தால் பிழைக்க வழியில்லை. ஆகவே மனம் அறியாமலே இருந்துவிடுகிறது என்றார். இதை முட்டாள்தனம் என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். பல பெண்களுக்கு இது உயிர்பிழைக்கும் உத்தி. ஆண்களுக்கும்தான், அவர்கள் வெளியே சொல்வதில்லை.

அதே 1938-இல் இன்னொரு புத்தகம் வந்தது. டாஃப்னே டு மாரியேயின் ‘ரெபெக்கா’. பணக்கார விதவரை மணந்துகொண்டு மாளிகைக்கு வரும் இளம்பெண் கதை சொல்கிறாள். அவள் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. இறந்துபோன முதல் மனைவி ரெபெக்காவை நினைத்துத்தான் கணவர் உருகுகிறார் என்று இவள் நாள்தோறும் வெந்துகொண்டிருக்கிறாள். ஒரு நாள் அவர் வாய் திறக்கிறார்: அவளை நான்தான் சுட்டுக் கொன்றேன், அவளை நான் வெறுத்தேன்.

தன் கணவர் கொலைகாரர் என்று அறியும் பெண் என்ன செய்வாள்? அலறுவாள், மயங்கி விழுவாள், ஓடுவாள். இவள் மனத்தில் ஓடுவது ஒன்றே ஒன்று: அப்படியானால் இவர் ரெபெக்காவை நேசிக்கவே இல்லை! நிம்மதி. அப்பட்டமான நிம்மதி. அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது நமக்கும் நிம்மதியாக இருக்கிறது என்பதுதான் ஆசிரியையின் சாமர்த்தியம். இரண்டு பத்திகள் கழித்துத்தான், ஒரு கொலைக்கு நாமும் தலையாட்டிவிட்டோம் என்று உறைக்கிறது.

1940-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதைப் படமாக்கினார். மனைவியைக் கொன்றவன் தண்டனை பெறாமல் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்கவில்லை. ஆகவே படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறக்கிறாள். படம் அருமையான படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதும் பெற்றது. ஆனால் கணவரின் குற்றத்தைக் கழுவப்போனவர்கள் மனைவியின் குற்றத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள். கொலையே நடக்கவில்லை என்றால் அவளுடைய நிம்மதியில் கறை ஏது? நாவலில் நம்மைக் குத்திக்கொண்டிருந்த முள் படத்தில் போய்விட்டது.

இப்போது வரும் புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி அத்தியாயத்தில் திருப்பம் வைக்க வேண்டும் என்ற வெறி பிடித்து ஆட்டுகிறது. அந்தத் திருப்பம் பெரும்பாலும் மனநோயாக இருக்கிறது. கணவனுக்குள் இன்னொருவன் இருந்தான், அவனுக்கே தெரியாது, முற்றும். மனநோயாளிகளை இப்படி அவமதிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கதை என்ற அளவிலும் இது சோம்பேறித்தனம். தெரியாமல் செய்தவனுக்கு மறைக்க எதுவும் இல்லை. மறைக்காதவனோடு வாழ்ந்தவளுக்குப் பார்க்கத் தவறியதும் எதுவும் இல்லை. நல்ல கதையில், முடித்த பிறகு நாற்பதாம் பக்கத்துக்குத் திரும்பினால் அங்கேயே எல்லாம் எழுதியிருக்கும். அந்த மனைவியைப் போல நாமும் அதைப் பார்த்திருப்போம், தாண்டி வந்திருப்போம்.

கடைசியாக, நடந்த கதை ஒன்று. பிரான்சின் தெற்கே ஆர்ட்டிகா என்ற சிற்றூர். 1548-இல் மார்ட்டின் கேர் என்ற குடியானவன், அப்பாவின் தானியத்தைத் திருடியதாகப் பழி வந்ததும், மனைவி பெர்ட்ராந்தையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போனான். 1556-இல் திரும்பி வந்தான். ஊர் கூடி வரவேற்றது. பழைய சங்கதிகளையெல்லாம் சொன்னான். பெர்ட்ராந்த் ஏற்றுக்கொண்டாள், மேலும் குழந்தைகள் பிறந்தன. பிறகு சொத்துத் தகராறில் சித்தப்பாவுக்குச் சந்தேகம் வந்து வழக்கு நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் ஊர்ச் செருப்புத் தொழிலாளியும் ஒருவர். அவர் சொன்னார்: மார்ட்டினின் பாத அளவு எனக்குத் தெரியும்; இந்த ஆளுடைய பாதம் அதைவிடச் சிறியது. வளர்ந்த மனிதனின் பாதம் சிறுக்குமா? இருந்தும் துலூஸ் நீதிமன்றம் மேல்முறையீட்டில் அவன் பக்கமே சாயத் தொடங்கியபோது, உண்மையான மார்ட்டின் மரக்காலோடு உள்ளே வந்தான். வந்திருந்தவன் ஆர்னோ தூ தில் என்ற வேறொருவன். 1560 செப்டம்பரில் மார்ட்டினின் வீட்டு முன்பாகவே அவனைத் தூக்கிலிட்டார்கள்.

செருப்புத் தொழிலாளிக்குத் தெரிந்த பாதம் மனைவிக்குத் தெரியாதா? வழக்கை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் த கோராஸ் எழுதிவைத்த பதிவின்படி, அவள் அழுது மன்னிப்புக் கேட்டும் மார்ட்டின் இளகவில்லை. மற்றவர்கள் ஏமாந்ததற்குச் சாக்கு உண்டு, உனக்கு இல்லை என்றான். பன்னிரண்டு ஆண்டு திரும்பிப் பார்க்காதவன் பேசுகிற பேச்சு!

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே இதில் வழக்கு உண்டு. அவளுக்குத் தெரியும். முதல் இரவிலேயே தெரிந்திருக்கும். வந்தவன் பொய்யன், ஆனால் அவளோடு வாழ விரும்பிய பொய்யன். போனவன் மெய்யான கணவன், ஆனால் அவளை விட்டுப்போனவன். இந்த இடத்துக்கு நம் மர்மக் கதைகள் வருவதே இல்லை. கடந்த காலத்தை மறைத்தவன் என்றால் கத்தியோடுதான் வருவான் என்று எழுதிப் பழகிவிட்டார்கள். மறைத்தவன் நல்லவனாக இருந்து, தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொரு முறை வாசற்கதவு தட்டப்படும்போதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கிற ஒரு நாவல் எனக்கு வேண்டும். முன்வரிசையில் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாராவது எழுதுங்கள், முதல் பிரதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.