வந்து என்முன் நிற்கவே

அம்மன் சன்னிதியில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். என் அக்காவுக்கு ஒரு வருஷம் முன்னால் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக எழுந்தால் சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். புறப்படுவதற்கு முதல் நாள் அவள் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். தினமும் காலையில் 20 நிமிஷம் கண்ணை மூடி அசையாமல் உட்காருகிற பிள்ளை. அவன் கேட்டான்: "நீ இதைக் கொடு, நான் அதைச் செய்யறேன்னு சொல்றது சாமிகிட்ட பேரம் பேசற மாதிரி இல்லையாம்மா? அதுக்குப் பேசாம தியானம் பண்ணலாமே?"

அக்கா பதில் சொல்லவில்லை. பச்சரிசியை ஊறப்போட அடுக்களைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரி அவனிடம் உட்கார்ந்து பேசினேன். அதைத்தான் இன்று உங்களிடமும் பேசப்போகிறேன். ஏனென்றால் அவன் கேட்டது அவன் ஒருவனுடைய கேள்வி இல்லை. தியானம் படித்தவர்களுக்கு, வேண்டுதல் பாமரர்களுக்கு என்று ஒரு எண்ணம் நம்மிடையே மெதுவாக வந்து உட்கார்ந்துவிட்டது. மற்ற வழிகளில் எப்படியோ எனக்குத் தெரியாது. அம்பாள் வழிபாட்டில் இந்தப் பிரிவினை ஒரு நாளும் நின்றதில்லை.

திருக்கடையூருக்குப் போவோம். அபிராமி பட்டர் கதை உங்களுக்குத் தெரியும். தஞ்சையை ஆண்ட முதலாம் சரபோஜி கோயிலுக்கு வருகிறார். அன்று தை அமாவாசை. பட்டர் அம்பாளின் முகத்தை உள்ளே பார்த்தபடி தன்னை மறந்து உட்கார்ந்திருக்கிறார். இன்று என்ன திதி என்று மன்னர் கேட்கிறார். பட்டருக்கு எதிரே இருப்பது நிலவு போன்ற அந்த முகம்தான். பௌர்ணமி என்று வாயில் வந்துவிடுகிறது. இதுவரைக்கும் தியானம். அப்புறம் என்ன ஆயிற்று? அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்னதால் வந்த சோதனை: கீழே நெருப்பு, மேலே உறியில் பட்டர். ஒரு பாட்டுக்கு ஒரு கயிறாக அறுபடுகிறது. அந்த நிலையில் அவர் வாய்விட்டுப் பாடுகிறார். தியானத்தில் அவ்வளவு ஆழத்துக்குப் போனவர், ஆபத்து வந்தபோது 'நான் கேட்க மாட்டேன்' என்று இருக்கவில்லை. அம்மா என்று கூப்பிட்டார்.

அப்படிப் பாடிய அபிராமி அந்தாதியில் 9ஆம் பாட்டையும் 10ஆம் பாட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 9ஆம் பாட்டு முழுக்க ஒரு வேண்டுதல். கையில் உள்ள கரும்பு வில், மலர் அம்பு, வெண்பற்கள் தெரியும் புன்னகை என்று அவளுடைய உருவத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றோடு நீயும் 'அம்மே வந்து என்முன் நிற்கவே' என்று முடிகிறது. அந்தாதி இல்லையா, நிற்கவே என்ற சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். எப்படித் தொடங்குகிறது?

"நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நினைப்பது உன்னை, என்றும் வணங்குவது உன் மலர்த்தாள்."

நீ வந்து நில் என்று கேட்டது ஒரு பாட்டு. நான் நின்றாலும் உன்னையே நினைக்கிறேன் என்பது அடுத்த பாட்டு. அங்கே அவள் நிற்பது, இங்கே இவர் நிற்பது. வேண்டுதலும் தியானமும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதே 9ஆம் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அம்பாளின் திருமார்பை 'பால் அழும் பிள்ளைக்கு நல்கின' என்கிறார். சீர்காழிக் குளக்கரையில் அழுத ஞானசம்பந்தர்தான் அந்தப் பிள்ளை. மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன தியானம் தெரியும்? தகப்பனார் குளத்தில் முங்கியிருந்தார், குழந்தை பயந்து அழுதது, அவ்வளவுதான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான் நடந்தது. ஆனால் அந்தப் பாலில் அவள் ஞானத்தைக் குழைத்துக் கொடுத்தாள் என்கிறது பெரியபுராணம். குழந்தை ஞானம் கேட்கவே இல்லை.

சரி, அப்படியென்றால் தியானம் எதற்கு, கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை லலிதா ஸஹஸ்ரநாமம் சொல்கிற தாய்மார்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆயிரம் நாமத்துக்கு முன்னால் முதலில் என்ன சொல்கிறோம்? தியான சுலோகம். 'ஸிந்தூராருண விக்ரஹாம்' என்று ஆரம்பித்து, செந்தூர நிற மேனி, மூன்று கண், மாணிக்கக் கிரீடத்தில் பிறை, சிரித்த முகம் என்று ஒரு படம் வரைகிறது. நம்மில் பாதிப் பேர் அதை ஓட்டமாகச் சொல்லிவிட்டு நாமத்துக்குத் தாவிவிடுகிறோம். அது முன்னுரை இல்லை, அம்மா. யாரைக் கூப்பிடப் போகிறோமோ அவளை முதலில் உள்ளே உட்கார வைக்கிற வேலை அது. கடைசியில் வரும் பலசுருதி, இதைச் சொன்னால் நோய் தீரும், ஆயுள் வளரும் என்று பலன்களை அடுக்குகிறது. ஒரே பாராயணம், தியானத்தில் தொடங்கி நம் தேவைகளில் வந்து முடிகிறது. இப்படி அமைத்துக் கொடுத்தவர்களுக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை.

குங்கும அர்ச்சனை செய்தவர்களுக்கு இது கையாலேயே தெரியும். நாமத்துக்கு ஒரு சிட்டிகை. என் அம்மா செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் இருநூறு முந்நூறு நாமம் வரை கண் அங்கேயும் இங்கேயும் போகும். பால் பொங்குதா பார் என்று எனக்கு ஜாடை காட்டுவாள். ஐந்நூறுக்கு மேல் விரல் தானாகப் போகும், குரல் ஒரே சீராக வரும், விளக்கை விட்டுக் கண் நகராது. கூப்பிட்டால்கூடக் காது கேட்காது. எண்ணூறைத் தாண்டி இரண்டு நாமங்கள் அடுத்தடுத்து வரும்: 'அந்தர்முக ஸமாராத்யா, பஹிர்முக ஸுதுர்லபா'. உள்முகமாகத் திரும்பியவர்கள் ஆராதிக்கத் தகுந்தவள், வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு எட்டாதவள். இதே ஸஹஸ்ரநாமத்தில்தான் 'நாம பாராயண ப்ரீதா' என்றும் இருக்கிறது. வாயால் பேர் சொன்னால் மகிழ்கிறவள். தியானம், தியானிப்பவன், தியானிக்கப்படும் பொருள் மூன்றும் அவளே என்று ஒரு நாமமும் உண்டு. பேசுவதும் அவளுக்குப் பிடிக்கும், பேசாமல் இருப்பதும் அவளுக்குப் பிடிக்கும்.

என் பாட்டி ஒன்று சொல்வாள். தீபாராதனை காட்டும்போது நான் பக்தியாகக் கண்ணை மூடிக்கொள்வேன். தலையில் ஒரு குட்டு விழும். "கண்ணைத் திறடா, இப்ப பார்த்துக்கோ. வீட்டுக்குப் போய் மூடிக்கலாம்." நான் கேட்ட தியான உபதேசங்களில் இதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. மூக்குத்தி எந்தப் பக்கம், புடவைக் கரை என்ன நிறம், கற்பூர வெளிச்சத்தில் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால்தானே உள்ளே போய்ப் பார்க்க ஒரு முகம் இருக்கும்?

மருமகன் அன்று விவேகானந்தர் கதையைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தான். அவர் அப்போது நரேந்திரன். 1884இல் தகப்பனார் இறந்து, குடும்பம் சோற்றுக்குத் தவிக்கிறது. தட்சிணேசுவரத்தில் காளியிடம் போய்ப் பணம் கேட்க முடியாமல், விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியும் கேட்டுவிட்டுத் திரும்பினார், மூன்று முறையும் அதேதான். "பார்த்தீங்களா மாமா, பெரியவங்க கேக்க மாட்டாங்க" என்றான். நான் சொன்னேன்: கதையை முழுசாகச் சொல்லுப்பா. போய்க் கேள் என்று மூன்று தடவையும் அனுப்பியவர் யார்? அவருடைய குரு ராமகிருஷ்ணர். எண்ணமே இல்லாத தியானத்தின் உச்சமான நிர்விகல்ப சமாதி கண்டவர், வீட்டுக் கஷ்டத்தை அம்மாவிடம் சொல்லாதே என்று தடுக்கவில்லை. கடைசியில் சாதாரண சோற்றுக்கும் துணிக்கும் உன் வீட்டுக்குக் குறை வராது என்று வாக்குக் கொடுத்ததும் அவர்தான்.

இன்னும் ஒரு விஷயம். நம் ஊர் அம்மன்களைப் பாருங்கள். கன்னியாகுமரியில் கையில் ஜபமாலையோடு நிற்கிறாள். மாங்காட்டில் பஞ்சாக்கினி நடுவில் ஒற்றைக் காலில் தவம் செய்கிறாள். சங்கரன்கோவிலில் கோமதி அம்மனுக்கு ஆடித்தபசு என்றே திருவிழா. நாம் யாரைத் தியானிக்கிறோமோ அவளே தியானத்தில் இருக்கிறாள். சமயபுரத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள், பக்தர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று. அந்த நாள்களில் தளிகை, அதாவது சமைத்த படையல், கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர்தான் நைவேத்யம். நாம் விரதம் இருந்து அவளிடம் வேண்டுகிறோம், அவள் நமக்காக விரதம் இருக்கிறாள். இதற்குப் பேரம் என்று எப்படிப் பேர் வைப்பது?

மறுநாள் சமயபுரம் போனோம். மருமகனும் வந்தான். அக்கா வெளிப்பிரகாரத்தில் ஒரு ஓரமாகப் படுத்தாள். வயிற்றின்மேல் ஈரத்துண்டு, அதன்மேல் வாழையிலை, இலையில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிடித்த மாவிளக்கு. குழியில் நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினேன். விளக்கு மலையேறும் வரை அசையக் கூடாது. மூச்சு மெதுவாக ஏறி இறங்க, சுடரும் கூடவே ஏறி இறங்கியது. அக்காவின் உதடு கொஞ்ச நேரம் எதையோ முணுமுணுத்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. கண் மட்டும் கோபுரத்தைப் பார்த்தபடி திறந்திருந்தது. காற்று அடித்தது. மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்துச் சுடருக்கு மறைப்புப் பிடித்துக்கொண்டான். நெய் தீர்ந்து திரி கருகும் வரை அவனும் கையை எடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

உள்ளே மணி அடிக்கிறார்கள், தீபாராதனை. எழுந்து போய்ப் பாருங்கள். வணக்கம்.