வகுப்பில் இல்லாத பிள்ளை வைத்தியசாலையில் இருக்கிறாள்

(பன்மொழிச் சமூகத்தில் பொதுச் சுகாதாரமும் கல்வியும் பற்றித் திருகோணமலையில் நடந்த ஓர் ஆய்வரங்கின் தொடக்க அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன மரியாதைகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் ஊருக்குள் நடமாட முடியாது.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களே, சேருவிலவிலிருந்து விடியமுன் புறப்பட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, சிவஸ்ரீ குருக்கள் ஐயா அவர்களே, கோணேசபுரி வளாகத்து விரிவுரையாளர்களே, மாணவர்களே, இவ்வளவு பேரையும் கேட்டுக்கொண்டு பொறுமையாக இருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

பொன்னாடை போர்த்திய அதிபர் அவர்களுக்கு நன்றி. சித்திரை வெயிலில் பொன்னாடை போர்ப்பதும் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினைதான். அதைத் தனி ஆய்வாக யாராவது எடுக்கலாம்.

எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். ஐந்து விடயங்கள் பேசுவதாக அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒன்று, ஆய்வாளர்கள் கொண்டு வரும் வினாக்கொத்து. இரண்டு, டெங்கு. மூன்று, பதவி ஸ்ரீபுர பக்கத்துச் சிறுநீரக நோய். நான்கு, பள்ளிக்கூடங்களில் இரண்டாம் மொழி. ஐந்து, வைத்தியசாலைகளில் உரைபெயர்ப்பாளர். என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எதில் போய் நிற்பேன் என்று இப்போதே தெரியும். அதோ, அங்கே சிரிக்கிறார்கள்.

எங்கள் அம்மா அடிக்கடி ஒரு பழமொழி சொல்லுவார்: தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. சொத்துச் சண்டை வரும்போது ஊரில் சொல்கிற பழமொழி. எனக்கு அது வைத்தியசாலை வரிசையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். நோவது ஒருவருடைய வயிறு. அதைச் சொல்வது இன்னொருவருடைய வாய்.

நமது மாவட்டத்தை ஒருமுறை பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் நூற்றுக்கு நாற்பது அளவில் முஸ்லிம்கள், முப்பது அளவில் தமிழர், இருபத்தேழு அளவில் சிங்களவர். இலங்கையில் மூன்று சமூகங்களும் இப்படி ஒன்றையொன்று விழுங்கிவிட முடியாத அளவில் வாழும் மாவட்டங்கள் அதிகம் இல்லை. கிண்ணியாவில் பிறந்த பிள்ளை உம்மாவைத் தமிழில் கூப்பிடும், கோமரங்கடவலவில் பிறந்த பிள்ளை அம்மாவைச் சிங்களத்தில் கூப்பிடும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நுளம்புதான் கடிக்கிறது.

நுளம்பு என்றதும் 2017 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் நாடு முழுவதும் 1 லட்சத்து 86 ஆயிரம் டெங்கு நோயாளர்கள். மார்ச் மாதம் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மருத்துவமாதுகளும் அப்போது ஓடிய ஓட்டத்துக்கு இந்தச் சபை ஒருமுறை கைதட்ட வேண்டும். நன்றி.

டெங்கில் ஆபத்தான கட்டம் எது என்று கேட்டால், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நேரம் என்றுதான் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் அது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள்களில் உடம்பு குளிரத் தொடங்கும். 'பிள்ளைக்கு விட்டிட்டுது' என்று தாய் நிம்மதிப்படுவாள். அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்று நோவு, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் கண்டால் உடனே ஓட வேண்டும். அஸ்பிரினும் புரூபனும் கொடுக்கக் கூடாது, பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. இவ்வளவையும் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாய்க்கு விளக்க வேண்டும். விளக்குபவருக்குத் தாயின் மொழி தெரியாவிட்டால் என்ன செய்வார்? கையைக் காட்டுவார், தலையை ஆட்டுவார். அவளும் தலையை ஆட்டுவாள். ஆட்டியதற்கு அர்த்தம் புரிந்தது என்பதல்ல, பின்னால் நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள் என்பது.

ஒரு கதை சொல்கிறேன். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா, உப்புவெளிப் பக்கம். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. மாதம் ஒருமுறை கிளினிக். எந்த வைத்தியசாலை என்று கேட்காதீர்கள், பணிப்பாளர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். அங்கே இருந்த டொக்டர் தென்பகுதியிலிருந்து வந்த இளம் பிள்ளை, நல்லவர், தமிழ் தெரியாது. பெரியம்மாவுக்குச் சிங்களத்தில் கடைக்காரரோடு விலை பேசத் தெரியும், அதற்கு மேல் இல்லை. அதனால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போவார். ஏழாம் வகுப்பு. அபயபுரவில் கொஞ்சக் காலம் குடியிருந்ததால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பிடித்துக்கொண்டவள்.

டொக்டர் கேட்டார்: மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, தலைச்சுற்று உண்டா, சிறுநீர் போவதில் ஏதாவது கரைச்சலா? நாலு கேள்வி. பேத்தி திரும்பி, 'அம்மம்மா, குளிசை போடுறீங்களாம்?' என்றாள்.

பெரியம்மா தொடங்கினார். விடியக் கோயிலுக்குப் போகிற நாளில் வெறும் வயிற்றோடு குளிசை போட்டால் கிறுதியாக இருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் போடுவதில்லை. முந்தின வெள்ளி தேவாரம் பாடும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பக்கத்து வீட்டு மரியம் பீவி பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார், குடித்தார், கசந்தது, விட்டுவிட்டார். வெள்ளைக் குளிசையும் மஞ்சள் குளிசையும் ஒரே போத்தலுக்குள் கொட்டியது மருமகளின் வேலை. மருமகளைப் பற்றி ஐந்து நிமிடம். பின் மருமகளின் தாயைப் பற்றி.

எல்லாவற்றையும் கேட்டு முடித்துப் பேத்தி டொக்டர் பக்கம் திரும்பினாள். 'ஓவ் டொக்டர்' என்றாள். ஆம் என்று அர்த்தம்.

(இந்த இடத்தில் சபை சிரித்து முடிய நேரம் எடுத்தது. தேரர் அவர்களும் சிரித்தார்.)

சிரியுங்கள், நானும் சிரித்தேன். டொக்டரும் சிரித்து, 'அவ்வளவு நீளத்துக்கும் ஓவ் மட்டும்தானா?' என்று கேட்டாராம். 'ஓவ், ஓவ்' என்று இன்னும் ஒன்று கூட்டிச் சொன்னாள் பேத்தி. கிறுதி போச்சு, வெள்ளிக்கிழமை போச்சு, கலந்துபோன போத்தலும் போச்சு. சிட்டையில் அதே மருந்து எழுதப்பட்டது. நாலாவது கேள்வியைப் பேத்தி கேட்கவே இல்லை. அவளுக்கு வெட்கம். கேட்டிருந்தாலும் பெரியம்மா சொல்லியிருக்க மாட்டார். சிறுநீர் எரிவு, அந்தரங்கமான இடத்தில் கடி. அதைப் பதின்மூன்று வயதுப் பேத்தியின் வாயால் ஓர் இளம் ஆம்பிளை டொக்டரிடம் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று பிறகு எங்களிடம் சொன்னார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு!

கொஞ்ச நாளில் குளிர்காய்ச்சலோடு வார்டில் படுக்க வேண்டி வந்தது. அங்கே கந்தளாய்ப் பக்கத்து நேர்ஸ் ஒருவர். சிங்களப் பிள்ளை, முஸ்லிம் அயலில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். திரையை இழுத்து மூடிவிட்டு, பேத்தியை வெளியே அனுப்பிவிட்டு, 'அம்மா, என்ன செய்யுது?' என்று கேட்டார். எல்லாம் வந்தது, மருமகள் கதை உட்பட.

இதில் டொக்டர் மீது குற்றமில்லை, பேத்தி மீது சுத்தமாக இல்லை. இதே நிலை மறுபக்கமும் உண்டு. மொறவெவவிலிருந்து வரும் சிங்களத் தாய், தமிழ் மட்டும் தெரிந்த லிகிதரின் மேசைக்கு முன்னால் இதேபோல முழிக்கிறாள். எனவே இதைத் தமிழர் குறை என்றோ சிங்களவர் குறை என்றோ எழுதிக்கொண்டு போகவேண்டாம், பத்திரிகைத் தம்பிமார்.

இனி கல்விப் பணிப்பாளர் அவர்கள் கேட்க வேண்டிய பகுதி. அந்தப் பேத்தி கிளினிக் போன நாள் தவணைப் பரீட்சை நாள். நான் ஆசிரியராக இருந்தவன். வரவு இடாப்பில் மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வராமல் போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் 'வீட்டில வருத்தம் சேர்' என்பார்கள். யாருக்கு வருத்தம் என்று தோண்டினால் அம்மம்மாவுக்கு, வாப்பாவுக்கு, சின்னம்மாவுக்கு. வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளைதான் மற்ற மொழியைப் பிடிக்கும், ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைதான் வகுப்பை விட்டுப் போகும். இடைவிலகல் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் வறுமை, மீன்பிடி, இளவயதுத் திருமணம் எல்லாம் கேட்கிறீர்கள், சரி. கிளினிக் நாளையும் ஒரு கேள்வியாகச் சேருங்கள்.

வெளிநாட்டில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். கிளென் புளோரஸ் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தை வைத்தியரைச் சந்தித்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, உரைபெயர்ப்பில் வந்த பிழைகளை எண்ணினார்கள். 396 பிழைகள். ஒரு சந்திப்புக்குச் சராசரி 31. பாதிக்கு மேல் சொன்னதை விட்டுவிடும் பிழை, நம் பேத்தி செய்தது போல. நூற்றுக்கு 63 பிழைகள் சிகிச்சையைப் பாதிக்கக் கூடியவை. வைத்தியசாலை வைத்திருந்த உரைபெயர்ப்பாளர்களும் பிழை விட்டார்கள், ஆனால் அகப்பட்டவரைப் பிடித்து நிறுத்திய இடங்களில் ஆபத்தான பிழையின் பங்கு கூட. அப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் நோயாளிக் குழந்தையின் 11 வயதுச் சகோதரர். பிறகு 2016இல் அந்த நாட்டில் ஒரு விதி வந்தது: அவசர நிலை தவிர, சிறு பிள்ளைகளை வைத்தியசாலையில் உரைபெயர்ப்புக்கு வைக்கக் கூடாது.

நமக்கு இது புதிதா என்றால், இல்லை. சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர். மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், 1864 முதல் தமிழில். உடற்கூறு, மகப்பேறு, இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் ஆக்கினார். கலைச்சொல் இல்லாத காலத்தில் அவ்வளவு செய்தவர் நடந்த நாட்டில், இன்று வைத்தியசாலையில் உரைபெயர்ப்பாளருக்கு ஒரு மேசையும் கதிரையும் போட நமக்குத் திட்ட அறிக்கை வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கையின்படி அதற்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. தேர்ச்சிப் பத்திரம் பலரிடம் உண்டு. பத்திரம் சுவரில் தொங்கும்போது நோயாளிக்கு என்ன பயன் என்று நான் கேட்டால், 'ஐயா, படிவம் நிரப்பத் தெரியும்' என்பார்கள். நெஞ்சு நோவு படிவத்தில் வருவதில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் வழக்காளிக்கு மொழி புரியாவிட்டால் உரைபெயர்ப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, 24ஆம் உறுப்புரை. அதற்கென்று சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தேங்காய் களவெடுத்தவர் கூண்டில் நின்றால் அரசு ஒருவரை நிறுத்தி அவர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறது. தேங்காய்க்காரருக்கே நெஞ்சுக்குள் இறுக்கினால், வைத்தியசாலையில் உரைபெயர்க்க ஓட்டோக்காரரைத்தான் தேட வேண்டும். என் வாழ்நாளில் இதற்கு ஒரு நியாயமும் யாரும் சொன்னதில்லை.

தலைவர் மணியை அடித்துவிட்டார். சிறுநீரக நோய் பற்றி மாலை அமர்வில் ஒரு டொக்டர் பேசுகிறார், அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். வினாக்கொத்து பற்றி ஒரே வரி: தமிழாக்கியதை இன்னொருவரைக் கொண்டு மூல மொழிக்குத் திருப்பிப் பார்க்கும் முறையை ரிச்சர்ட் பிறிஸ்லின் என்ற உளவியலாளர் 1970இலேயே எழுதி வைத்தார். அதைச் செய்யாமல் எங்கள் கிராமங்களுக்குள் வராதீர்கள். இரண்டாம் மொழிப் பாடம் பற்றிப் பேச எழுதி வைத்த தாள் சட்டைப் பையில் இருக்கிறது, இருக்கட்டும்.

நாங்கள் கேட்பது சின்ன விடயம். மாவட்டத்துப் பெரிய வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவிலும் கிளினிக்கிலும் ஒரு மொழி உதவி மேசை. அதில் இரு மொழியும் தெரிந்த, இரகசியம் காக்கப் பயிற்றப்பட்ட ஒருவர், இயன்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். உயர்தரம் முடித்து வேலைக்காக அலையும் பிள்ளைகள் இந்த மண்டபத்துக்கு வெளியேயே நிற்கிறார்கள். ஆள் இல்லாத சின்ன வைத்தியசாலைக்குத் தொலைபேசி போதும். அவுஸ்திரேலியாவில் 1973 முதல் தொலைபேசியில் உரைபெயர்க்கிறார்கள், அந்தக் காலத்துச் சுழற்றும் தொலைபேசியிலேயே. ஈச்சிலம்பற்றிலிருந்து நகரத்து மேசைக்கு ஓர் அழைப்பு எடுக்கக் கைபேசி போதாதா? கூடவே, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை உரைபெயர்க்க நிறுத்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. தாயும் பிள்ளையும் ஆனாலும் என்று நான் மறுபடி தொடங்கினால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள் போலிருக்கிறது.

மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. தமிழ்ப் பிரதி இடப்பக்கம், சிங்களப் பிரதி வலப்பக்கம், இரண்டும் ஒரே மனுதான். அடையாள அட்டை இலக்கத்தை விடாமல் எழுதுங்கள். இலக்கம் இல்லாத கையெழுத்து செல்லாது என்று போனமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேநீர் மனு மேசைக்கு அந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது, அது தற்செயல் இல்லை. பணிப்பாளர் ஐயா முதல் பிரதியை இங்கேயே பெற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.